4,383 துண்டில் ஒரு மாதா கோயில்

முன்பக்கம் நிற்பவர்கள் ஊர் பார்க்க வந்தவர்கள். பின்பக்கம் சுற்றிப் போய்க் குனிகிறவர்கள் ஊர்க்காரர்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலே இது பிடிபட்டுவிடுகிறது.

2024 ஜூன் 1, சனிக்கிழமை. பாரிஸின் நடுவில், லே ஆல் பக்கத்தில் ஒரு லெகோ கடை. நோத்ர தாம் தேவாலயத்தின் மாதிரி இன்றுதான் விற்பனைக்கு வந்திருக்கிறது. கடை நடுவே இடுப்புயர மேடை. அதன்மேல் கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்குள் கட்டி முடித்த கோயில்: உயரம் 33 செ.மீ., நீளம் 41, அகலம் 22. மணல் நிறச் சுவர், சாம்பல் கூரை, நடுவில் ஊசிக்கோபுரம். நிஜக் கோயிலுக்கு இங்கிருந்து நடந்தே போய்விடலாம். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தீவு, தீவில் கோயில். போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். 2019 ஏப்ரல் 15 மாலை தீப்பிடித்து, கூரை எரிந்து, ஊசிக்கோபுரம் முறிந்து விழுந்ததிலிருந்து பொதுமக்களுக்குக் கதவு திறக்கவில்லை. இந்த டிசம்பரில் திறப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆக இன்றைய தேதியில், சாரமும் வேலியும் இல்லாத முழு நோத்ர தாமைப் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கூண்டுக்குத்தான் வரவேண்டும்.

அக்கா மகன் சுவரோரத் தொட்டிகளில் உதிரிக் கட்டைகளைத் துழாவிக்கொண்டிருக்கிறான். ஒரு குவளைக்கு ஒரு விலை, அதில் எத்தனை அடைக்க முடியுமோ அத்தனை. சந்து விடாமல் அடுக்குவது தனிக் கலை, அவசரப்படுத்தக் கூடாது. எனக்கு வேலை இல்லை. தூண் ஒன்றில் சாய்ந்துகொள்கிறேன்.

முதலில் கண்ணில் படுவது ஒரு கிழத் தம்பதி. கணவருக்குக் கைத்தடி. மனைவி முகப்பு இரட்டைக் கோபுரத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எதையோ தேடுகிறவர்போலக் கூண்டைச் சுற்றிப் பின்பக்கம் போகிறார். கோயில் அரைவட்டமாக முடிகிற இடம் அது. சுவரைத் தாங்கும் வளைவுகள் வெளியே கால் ஊன்றி நிற்கின்றன. அங்கே குனிந்து, கண்ணாடியில் விரலை வைத்து, மாதிரியின் அடித்தட்டைத் தாண்டி வெற்று மேசையில் ஓர் இடத்தைக் காட்டுகிறார்.

"நம்ம பழைய வீட்டுச் சமையலறை ஜன்னல் இங்கே வரும்."

கணவர் ஒப்புக்கொள்ளவில்லை. "இன்னும் தள்ளி. இங்கே."

விரலும் கைத்தடியும் அந்த வெற்றிடத்தில் சற்று நேரம் வழக்காடுகின்றன. பிறகு கணவர் கோயில் பக்கம் திரும்பி, "ரொம்ப வெளுப்பாக இருக்கு" என்கிறார். அவர் சிறுவனாக இருந்த காலத்தில் கோயில் கன்னங்கரேலென்று இருந்ததாம். அறுபதுகளில் அமைச்சர் மால்ரோ பாரிஸின் கட்டடங்களைத் தேய்த்துக் கழுவ வைத்தார். கிழவருக்கு அதற்கு முந்தைய கறுப்புதான் அசல் நிறம், இந்த மணல் நிறம் யாரோ ஏமாற்றுவதுபோல. சொல்லிவிட்டுப் பெட்டியின் விலைச் சீட்டைக் கண்ணாடி போட்டுப் படிக்கிறார்.

மஞ்சள் மேலங்கி போட்ட பணியாளர் ஒரு பெண். கையில் துணி. கண்ணாடியில் பதியும் விரல் ரேகைகளை அவ்வப்போது துடைக்கிறாள். எங்கே அதிகம் துடைக்கிறாள் என்று கவனித்தேன். முகப்புப் பக்கம் இல்லை, வாசல்கள் பக்கம் இல்லை. ஊசிக்கோபுரம் இருக்கும் உயரத்தில். வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அதை விரலால் தொட்டுக் காட்டிவிடுகிறார்கள், தொட்டதும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். தீப்பிடித்த அன்று மாலை நான் அலுவலகத்தில் இருந்தேன், நான் பேருந்தில், நான் பாலத்தின்மேல் கூட்டத்தோடு நின்று பாடினேன். முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பாரிஸ்காரர்கள் அந்நியரிடம் இவ்வளவு பேசுவதை மெட்ரோ நின்றுபோன நாட்களில்தான் பார்த்திருக்கிறேன்.

ஆறு வயது இருக்கும் ஒரு பையன் வருகிறான், அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு. மூக்கு கண்ணாடியில் ஒட்டுகிற அளவுக்கு நெருங்கி, மேலிருந்து கீழ்வரை பார்க்கிறான். முகம் சுருங்குகிறது.

"கிரேன் எங்கேப்பா?"

"கிரேனா?"

"பெரிய கிரேன். கோயிலுக்கு மேலே இருக்குமே."

அப்பாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். தீப்பிடித்தபோது இவன் கைக்குழந்தை. 80 மீட்டர் கிரேன் 2019 கடைசியில் வந்தது. இவனுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நோத்ர தாம் என்றால் சாரம், வேலி, கிரேன். அது இல்லாத கோயிலை இவன் பார்த்ததே இல்லை. அப்பா விளக்கப் பார்க்கிறார்: அது வேலைக்காக வந்தது, முடிந்ததும் போய்விடும், கோயில் உண்மையில் இப்படித்தான். பையன் நம்புவதாக இல்லை. "முக்கியமானதை விட்டுட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்கிறான். அன்றைக்கு நான் கேட்ட விமர்சனங்களில் மறுக்க முடியாதது இதுதான். கடைசியில், வேறு அலமாரியிலிருந்து ஒரு மஞ்சள் கிரேன் பெட்டி அப்பாவின் கைக்கு வருகிறது.

இன்னொரு சிறுமிக்கு வேறு குறை. கோயிலில் ஆளே இல்லை. குருவானவர் இல்லை, சுற்றுலாக்காரர் இல்லை, புறாக்கூட இல்லை. மஞ்சள் மேலங்கிப் பெண் துணியை வைத்துவிட்டு, பொறுமையாக அவளுக்குக் கணக்குச் சொல்கிறாள். நிஜக் கோயிலின் ஊசி 96 மீட்டர், இங்கே 33 செ.மீ. ஏறக்குறைய முந்நூறில் ஒரு பங்கு. லெகோ கட்டையின் தலையில் இருக்கும் குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் நடுவே 8 மில்லிமீட்டர். இந்த அளவில் அது இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு மனுஷன் நின்றால் 6 மில்லிமீட்டர்கூட வரமாட்டான், ஒரு கட்டையின் உயரம்கூட இல்லை. வழக்கமான லெகோ ஆளை வாசலில் நிறுத்தினால் 12 மீட்டர் ராட்சதன்.

சிறுமி யோசிக்கிறாள். "ராட்சதன் நின்றால் நன்றாகத்தானே இருக்கும்?"

பெட்டியின் மூலையில் 18+ என்று அச்சிட்டிருக்கிறது. குழந்தைகள் கேட்கிற கேள்விகளுக்கு இந்தப் பெட்டியில் பதில் இல்லை என்பதற்கு அதுதான் முன்னறிவிப்பு போலும்.

ஒரு சுற்றுலாக் கூட்டம் உள்ளே வருகிறது. ஆகா, ஓகோ, அழகு, எப்படித்தான் செய்தார்களோ. எல்லாரும் முன்பக்கமாக நின்று கைப்பேசியில் படம் எடுக்கிறார்கள். ஒருவர் தம்படம் எடுக்கத் திரும்பும்போது பின்னால் கோயிலே மறைந்துவிடுகிறது. "பிரமாதம்" என்று பணியாளரிடம் சொல்லிவிட்டு வெளியே போகிறார்கள். ஒருவர்கூடப் பெட்டியைத் தொடவில்லை. இது இந்தக் கூட்டத்தோடு நிற்கவில்லை. காலையிலிருந்து பார்க்கிறேன், பாராட்டுகிறவர்கள் வெறுங்கையோடு போகிறார்கள். குறை கண்டுபிடிக்கிறவர்கள்தான் கல்லாவுக்குப் போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் மூக்கையும் நிறத்தையும் பற்றி முணுமுணுக்க ஆரம்பித்தாலே சம்பந்தம் பாதி முடிந்தது என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள், அந்த மாதிரி.

குறை கண்டுபிடிக்கும் தொழிலில் கைதேர்ந்தவர்கள் இருவர் பதினொரு மணிவாக்கில் வந்தார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள். ஒருவருக்கு நரைத்த தாடி, மற்றவர் முதுகில் பெரிய பை. வளர்ந்த பிறகும் லெகோவை விடாதவர்கள் உலகமெங்கும் உண்டு. அவர்களுக்குள் தனிப் பேச்சு, தனி அளவுகோல் எல்லாம் உண்டு. சிகாகோவின் கட்டடக் கலைஞர் ஆடம் ரீட் டக்கரோடு சேர்ந்து 2008-ல் லெகோ தொடங்கிய கட்டடக்கலை வரிசை இந்தக் கூட்டத்தை நம்பித்தான் ஓடுகிறது. சிறு பெட்டிகளாகத் தொடங்கிய வரிசை, இன்று 4,383 துண்டுகளில் வந்து நிற்கிறது.

தாடிக்காரர் வந்ததும் கோயிலைப் பார்க்கவில்லை, விலையைப் பார்க்கிறார். 229 யூரோ 99 சென்ட்.

"துண்டுக்கு ஐந்தேகால் சென்ட்" என்கிறார் உடனே. வீட்டிலேயே வகுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். "பத்துக்குக் கீழே வந்தாலே மலிவு என்போம். ஐஃபெல் கோபுரம்கூட ஆறுக்கு மேலே."

"துண்டுக் கணக்கைப் பார்த்து ஏமாறாதே" என்கிறார் பைக்காரர். "பாதி உன் சுண்டுவிரல் நகத்தளவுகூட இருக்காது. பொடியைக் கொட்டி எண்ணிக்கையைக் கூட்டிவிட்டார்கள்."

தாடிக்காரர் பெட்டியைத் தூக்கி எடை பார்க்கிறார். இதற்குப் பதில் சொல்லவில்லை.

அடுத்து அளவு. இதையே ஆள் பொம்மை நிற்கிற அளவில் செய்திருக்கக் கூடாதா என்கிறார் பைக்காரர். செய்திருந்தால் 128 மீட்டர் கோயில் மூன்று மீட்டர் நீளம் வரும், உன் வீட்டுச் சுவரை யார் இடிப்பது என்கிறார் தாடிக்காரர். அடுத்து பக்கவாட்டு வளைவுகள். அதே வளைவு, அதே வளைவு, அதே வளைவு, நடுராத்திரியில் கட்டினால் தூங்கிவிடுவேன்.

"பழைய கொத்தனார் மட்டும் ஒவ்வொன்றையும் புதுசாகக் கண்டுபிடித்தாரா?"

இருவரும் ஒத்துப்போன ஒரே இடம், கட்டும் வரிசை. சாதாரணமாக இப்படிப்பட்ட பெட்டிகளில் அடித்தட்டிலிருந்து தளம் தளமாக மேலே போவார்கள். இதில் அப்படி இல்லை. வரலாறு எந்த வரிசையில் கட்டியதோ அந்த வரிசையில் கட்ட வேண்டும். 1163-ல் ஆயர் மொரிஸ் த சுல்லி காலத்தில் தொடங்கியதுபோல, பலிபீடம் இருக்கும் கிழக்குப் பக்கம் முதலில் எழும். பிறகு நடுமண்டபம் மேற்கே நகரும். பிறகு முகப்பு, அதன்மேல் இரட்டைக் கோபுரம். கடைசிக் கட்டத்தில்தான் 19-ம் நூற்றாண்டுப் புதுப்பிப்பும் ஊசிக்கோபுரமும். ஒரு முழு நூற்றாண்டை ஒரே மாலையில் கடக்கலாம். வடிவமைத்தவர் ரோக் ஜ்கலின் கோபே, கட்டடக்கலை படித்தவர். லெகோவின் கொலோசியமும் ஐஃபெல் கோபுரமும் அவர் கை. அந்தப் பெயரை இந்த இருவரும் திரைப்பட இயக்குநர் பெயரைச் சொல்வதுபோலச் சொல்கிறார்கள்: கொலோசியத்தில் விட்டதை இதில் பிடித்துவிட்டார் என்று ஒருவர், இல்லை, இன்னும் பிடிக்கவில்லை என்று மற்றவர்.

ஒத்துப்போன அந்த வரிசையிலேதான் சண்டையும் பிறந்தது. தாடிக்காரர், தான் ஊசிக்கோபுரம் வரை கட்டப்போவதில்லை என்கிறார்.

"ஏன்?"

"அது 1859-ல் வந்தது. வியோலே லெ துக் என்கிற ஆளின் கற்பனை. கோயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை."

"அதற்கு முன்னாலும் ஒன்று இருந்ததே?"

"இருந்தது. அது வேறு. ஆடிப்போய்விட்டது என்று 18-ம் நூற்றாண்டுக் கடைசியில் இறக்கிவிட்டார்கள். நடுவில் பல பத்தாண்டுகள் இல்லாமலே இருந்தது. என் அலமாரியில் அப்படித்தான் இருக்கும்."

பைக்காரர் பொறுமை இழக்கிறார். தீக்குப் பிறகு எழுந்த கூச்சலை நினைவூட்டுகிறார். புதுமையாகக் கட்டலாம், கண்ணாடியில் கட்டலாம், கூரையில் நீச்சல் குளம் வைக்கலாம் என்றுகூட ஒரு யோசனை வந்தது. கடைசியில் 2020-ல் பழையபடியே என்று முடிவானது. போன டிசம்பரில் ஊசியின் உச்சியில் பொன் சேவல் ஏறியபோது இந்த ஊரே நிமிர்ந்து பார்த்தது. "நீ மட்டும் அதைப் பெட்டியிலேயே விட்டுவைப்பாயா?"

"விட்டுவைப்பேன்."

"சரி. அந்தத் துண்டுகளை எனக்குக் கொடுத்துவிடு."

தாடிக்காரர் கோயிலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இடையில் ஒருவன் வந்து போனான். இளைஞன், காதில் ஒலிக்கருவி. கூண்டின் பக்கமே திரும்பவில்லை. அடுக்கியிருந்த பெட்டிகளிடம் நேராகப் போய் ஒவ்வொன்றின் நான்கு மூலைகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். ஒரு மூலை லேசாக நசுங்கியிருந்த பெட்டியை நாசூக்காக ஓரம் தள்ளினான். இரண்டைத் தேர்ந்தெடுத்தான். ஒருவருக்கு எத்தனை தருவீர்கள் என்று மட்டும் கேட்டான். பிரிக்கவே போவதில்லை. உற்பத்தி நின்று சில வருடம் போனால் விலை ஏறும் என்பது கணக்கு. அது எப்போதும் பலிப்பதில்லை. 2008-ல் வந்த லெகோ தாஜ்மகாலைப் பலர் இப்படித்தான் பூட்டி வைத்தார்கள். கை மாறும் சந்தையில் விலை எங்கேயோ போனது. 2017-ல் நிறுவனமே அதை மறுபடி வெளியிட்டது, பூட்டி வைத்தவர்கள் முகம் தொங்கியது. ஷாஜகானுக்கே இரண்டாவது தாஜ் கட்டும் யோகம் இல்லை.

பகல் ஏறியதும் கூட்டம் கூடுகிறது. என் காதுக்குச் சட்டென்று தமிழ் விழுகிறது. யாழ்ப்பாணத் தமிழ். லா ஷப்பல் தமிழ்க் கடைப் பையோடு ஓர் அம்மா, பக்கத்தில் பதினான்கு வயது மகன். மகன்தான் இழுத்து வந்திருக்கிறான் என்பது அம்மாவின் நடையிலேயே தெரிகிறது. ஆனால் கூண்டைக் கண்டதும் அவர்தான் நிற்கிறார். பையைத் தோளுக்கு ஏற்றிவிட்டு, நெற்றி, மார்பு, தோள்கள் என்று சிலுவை போட்டுக்கொள்கிறார். மகன் சுற்றுமுற்றும் பார்க்கிறான்.

"அம்மா, இது லெகோ."

"அதுக்கென்ன? மாதா மாதாதான்."

சுற்றி வருகிறார். முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம், மறுபடி முன்பக்கம். கீழே குனிந்து வாசல்களுக்குள் எட்டிப் பார்க்கிறார்.

"கூரையைக் கழட்டலாம் அம்மா. உள்ளுக்கும் செய்திருக்கினம். தூண், நிலம் எல்லாம் இருக்கு."

"மாதா இருக்கிறாவோ?"

மகன் பணியாளரிடம் பிரெஞ்சில் கேட்கிறான். அவள் கையை விரிக்கிறாள், மறுபடியும் அதே முந்நூறில் ஒரு பங்குக் கணக்கு. அவன் அம்மாவிடம் திரும்பி, "இல்லையாம். சின்னதாய் வந்துபோடுமாம்" என்கிறான்.

"எனக்குத் தெரியும் மாதா எங்க எண்டு" என்கிறார் அம்மா. தீயில் தப்பிய சிலை அது. 14-ம் நூற்றாண்டு மாதா, இடுப்பில் குழந்தையோடு ஒரு தூணருகே நின்றவர். கோயில் பூட்டிய பிறகு லூவ்ர் பக்கத்தில் இருக்கும் சாங் ஜெர்மன் லோசெருவா தேவாலயத்தில் தற்காலிகமாக வைத்திருக்கிறார்கள். இந்த அம்மா அங்கே போய் மெழுகுதிரி கொளுத்தி வந்திருக்கிறார், ஒரு தடவை இல்லை போலிருக்கிறது. கடையில் அன்று நின்ற அத்தனை பேரிலும், கட்டிடத்தைப் பற்றி இல்லாமல் அதில் குடியிருக்கிறவரைப் பற்றி விசாரித்தது அவர் ஒருவர்தான்.

பிறகு விலைச் சீட்டு.

"இருநூற்றி முப்பது யூரோவோ? உவங்களுக்கு என்ன விசரே?"

"4,383 துண்டு அம்மா."

"நீ துண்டு எண்ணிக்கொண்டிரு, படிப்பை ஆர் படிக்கிறது? பதினெட்டு வயசுக்கு மேல எண்டும் போட்டிருக்கு."

"அது சும்மா போடுறது. நத்தாருக்கு வாங்கித் தாங்கோவன்."

"டிசம்பரில கோயில் திறக்கட்டும். முதல்ல உள்ளுக்குப் போய் அவவைப் பாப்பம். இது பிறகு."

மகன் வாதாடவில்லை. பெட்டியின் பின்பக்கப் படங்களைக் கைப்பேசியில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறான். அம்மா மட்டும் கடைசியாக ஒருமுறை வளைவுகளைப் பார்த்து, "நல்லாத்தான் கட்டியிருக்கிறான்" என்கிறார். பாராட்டிவிட்டார். இனி வாங்குவது சந்தேகம்தான்.

அக்கா மகனின் குவளை நிரம்பிவிட்டது. மூடியை அழுத்துகிறான், ஒரு சிவப்புக் கட்டை தடுக்கிறது, வெளியே எடுத்து வேறு கோணத்தில் செருகுகிறான். வரிசையில் நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் அந்தக் கிழவர், கைத்தடியைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, வெளுப்பு அதிகம் என்று தான் குறைப்பட்ட அதே பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு. மனைவி ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறார். கல்லாக்காரர் பரிசுப் பொதியாகக் கட்டித் தரட்டுமா என்று கேட்க, "யாருக்குப் பரிசு? எனக்குத்தான்" என்கிறார் கிழவர்.

அவர்களுக்கும் முன்னால் தாடிக்காரர். ஒரு பெட்டி. புள்ளிகள் சேர்க்கும் அட்டையை நீட்டிக்கொண்டே அந்த வளைவுகளைப் பற்றி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். பணம் கட்டியாயிற்று. பெட்டி மஞ்சள் பைக்குள் இறங்குகிறது. பைக்காரர் தோளைத் தட்டுகிறார்.

"கேட்டேனே. ஊசிக்கோபுரத் துண்டுகள் எனக்குத்தானே?"

"தர மாட்டேன்" என்கிறார் தாடிக்காரர், பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு.